சனிக்கிழமைப் பார்வையாளர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, கணினி நிரல் எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்டு வராதீர்கள். நான் கற்ற வித்தையெல்லாம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. நான் ஒரு மாதம் மினக்கெட்டுச் செய்ததை உங்கள் கையிலுள்ள கருவிகள் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்துவிடும். ஆனால் எப்படிப் பயப்படுவது என்று கேட்டால் சொல்லித் தருவேன். பகிடி இல்லை. சின்னச் சின்ன வலைத்தளங்களைப் பராமரித்தே என் உழைப்புக் காலம் முழுக்கப் போனது. அதில் உருப்படியாக நான் கற்றுக்கொண்டது எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படக் கூடாது என்பதைத்தான்.

என்னிடம் இருந்த வாடிக்கையாளர்கள் பெரிய ஆட்கள் இல்லை. ஒரு பல்வைத்தியர், ஒரு பிள்ளையார் கோயில், மொன்றியலை அடுத்த புரோசார்டில் ஒரு சேலைக் கடை, சிறுபிள்ளைகளைப் பார்க்கிற ஒரு கார்தெரி, பிறகு ஒரு யூத சபை. எங்கள் வீட்டில் அதற்கு ‘யூதக் கோயில்’ என்றே பெயர். அந்தச் சபையின் பெயரையோ அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

சபை அலுவலகத்தை நடத்தியவர் ஒரு குள்ளமான, கடுகடுத்த அம்மா. அவரைச் செயலாளர் என்றே சொல்கிறேன். நான் வேலையை எடுத்த புதிதில், பெரிய மாற்றங்களைச் சனிக்கிழமையில் செய்கிறேன், அன்று எல்லாருக்கும் ஆறுதலான நாள்தானே என்று அவருக்கு எழுதினேன். உடனே போன் வந்தது.

“சனிக்கிழமை என்று ஒரு நாள் எங்களுக்குக் கிடையாது” என்றார். “நீ என்ன வேண்டுமானாலும் செய். உடைந்தால் என்னிடம் சொல்ல முடியாது. அவ்வளவுதான்.”

அந்தச் சபை கட்டுப்பாடான சபை. வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னர் வீட்டுப் பெண்கள் மெழுகுதிரி ஏற்றிவிட்டால், சனி இரவு வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை ஓய்வுநாள். போன் எடுக்க மாட்டார்கள், கார் ஓட்ட மாட்டார்கள், மின்விளக்கின் சுவிட்சைக்கூடத் தொட மாட்டார்கள். கணினியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் ஆட்கள் வருடத்துக்கொருமுறை கந்தசட்டி விரதம் பிடித்துவிட்டே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். இவர்கள் கிழமைக்குக் கிழமை பிடிக்கிறார்கள், ஒரு சத்தமும் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் இருந்தது. தாங்கள் செய்யாததை மற்றவர்களிடம் சொல்லிச் செய்விக்கவும் கூடாதாம். செயலாளரின் பேரனுக்குப் பதின்மூன்று வயதுச் சடங்கு நடந்த சனிக்கிழமை என்னையும் அழைத்திருந்தார். வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களுக்கு உண்டா? ஒரு தட்டு வடையோடு போய் நின்றேன். அவர்களுடைய உணவு விதிப்படி, எங்கள் சமையலறையில் பொரித்தது அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? வடை காருக்குத் திரும்பிப் போனது, நான் மட்டும் உள்ளே போனேன்.

நடுவில் செயலாளர் என்னை அலுவலகப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். முதல்நாள் நிறுத்த மறந்த பிரிண்டர் ஒன்று கீக் கீக் என்று கத்திக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, “பாவம், இந்த மெஷின் நேற்றிலிருந்து மூச்சு விடாமல் அழுகிறது” என்றார்.

நான் போய் அதை நிறுத்தினேன். வெளியே புறப்படுகிறவரிடம் ‘எங்க போறியள்’ என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்று, ‘தூரமோ?’ என்று கேட்கிற ஊரில் பிறந்தவள் நான். எனக்கா சாடை விளங்காது? செயலாளர் நன்றிகூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னோடு பேசும்போது அவருடைய கடுகடுப்பு அரைவாசியாகக் குறைந்தது.

அதன்பிறகும் சில சனிக்கிழமைகளில் அங்கே போக நேர்ந்தது. அவர் வாயால் ஒருநாளும் ‘இதைச் செய்’ என்று வந்ததில்லை. எப்போதும் சாடைதான். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இனித் தொழில் விஷயம். ஒரு தளத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்ற கணக்கு எங்களுக்குத் தெரியும் அல்லவா? ஆளின் பெயர் தெரியாது. எந்தப் பகுதியிலிருந்து, எந்த இணைப்பிலிருந்து என்பது ஓரளவு தெரியும். மற்றத் தளங்களில் கூட்டம் வந்தால் எனக்குச் சந்தோசம். இந்தத் தளம் அப்படி இல்லை. வெள்ளி மத்தியானம் எல்லாரும் மெழுகுதிரி ஏற்றும் நேரம் பார்க்க ஓடி வருவார்கள். பொழுதுபட்டதும் ஈ காக்கா இராது. கணக்கு வரைபடத்தில் சனிக்கிழமை முழுக்க வெறும் கோடு. யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமையில் அந்தத் தளத்தைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும், அவர் அந்தச் சபை ஆள் இல்லை. கட்டுப்பாட்டை மீறி ஒளித்துப் பார்க்கிறவர் ஒருவர் இருவர் இருக்கலாம். ஆனால் ஒளித்துப் பார்க்கிறவர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு வருடம், பனி கொட்டுகிற மாரிகாலத்தில் நகரத்தில் நிலைமை சரியில்லை. யூதக் கோயில் ஒன்றில் கண்ணாடி உடைத்தார்கள், இன்னொன்றின் சுவரில் எழுதினார்கள் என்று அடிக்கடி செய்தி வந்தது. எங்கள் சபையும் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தது. இதற்கிடையில், தள்ளுவண்டியோடு வருகிற தாய்மார் முன்படிகளில் ஏற முடியாமல் கஷ்டப்படுகிறார்கள் என்று, பக்கத்துச் சந்தில், அந்த ஒழுங்கையில், இருந்த கதவைப் படமெடுத்துத் தளத்தின் பிள்ளைகள் பக்கத்தில் போட்டிருந்தோம். சனிக்கிழமை காலைத் தொழுகை நடக்கும்போது சின்னப் பிள்ளைகள் விளையாடிப் பாடுகிற அறை அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. ‘பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு இந்தக் கதவால் வாருங்கள்’ என்று படத்துக்குக் கீழே எழுதி, நேரமும் போட்டிருந்தோம். அன்பாகச் செய்த காரியம்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, மொன்றியலின் ஒரு கோடியில், ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருந்து, பிள்ளையார் கோயில் தளத்தில் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தேன். பழக்கத்தில் சபைத் தளத்தின் பார்வையாளர் கணக்கையும் திறந்தேன். வெறும் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆள் நின்றார்.

மொன்றியலுக்குள்ளே இருந்துதான். பார்த்தது ஒரே பக்கம், பிள்ளைகள் பக்கம். மூடுகிறார், திறக்கிறார். கதவுப் படத்தைப் பெரிதாக்குகிறார். மூடுகிறார், திரும்பவும் திறக்கிறார். போன சனிக்கிழமையின் கணக்கைப் போய்ப் பார்த்தேன். அன்றும் அதே இணைப்பு, அதே படம்.

என் மனுசன் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். கதிரையில் இருந்து ஐஸ் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, இதை ஒருக்கா வந்து பாருங்கோ” என்றேன்.

“என்னப்பா, ஆரோ வெப்சைட் பாக்கிறான். அதுக்குத்தானே செய்து வச்சிருக்கிறீர்?”

“சனிக்கிழமை அதை அவையள் ஒருத்தரும் பாக்கிறேல்லை.”

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கதவுப் படத்தைப் பெருப்பிச்சுப் பாக்கிறான். போன கிழமையும் பாத்திருக்கிறான். பிள்ளையள் வாற கதவு.”

அவர் எழும்பி வந்தார். கொஞ்ச நேரம் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் இருவருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும். பிறந்த ஊரில் சண்டை நடந்த நாட்களில், ஒழுங்கை முகப்பில் ஆளறியாத ஒருவன் சைக்கிளோடு சும்மா நின்றால், அடுத்த நாள் அந்த ஒழுங்கையில் யாரோ ஒருவர் இருக்க மாட்டார் என்ற காலத்தை நாங்கள் கடந்து வந்தவர்கள்.

“நோட்டம் பாக்கிறானோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

சபை அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். செயலாளரின் பதிவுசெய்த குரல், ஓய்வுநாள் வாழ்த்துச் சொல்லி, சனி இரவு திரும்ப அழைப்பதாகச் சொன்னது. அவருடைய சொந்தப் போன் அணைந்திருந்தது. வாசல் காவலாளியின் இலக்கத்தை நான் ஒருநாளும் கேட்டு வைத்ததில்லை. ஒரு வாடிக்கையாளரிடம் முதல்நாளே கேட்க வேண்டிய கேள்வி இதுதான், பிள்ளைகளே: உங்களைப் பிடிக்க முடியாத நேரத்தில் நான் யாரைப் பிடிப்பது? நிறம், எழுத்து, படமெல்லாம் பிறகு கேட்கலாம்.

பொலிசுக்கு அடிக்கப் போன கை பாதியில் நின்றது. என்ன சொல்வேன்? ஒருவர் ஒரு படத்தைப் பார்க்கிறார் என்றா? அதில் குற்றம் என்ன இருக்கிறது? உடைந்த பிரெஞ்சில், என் பெயரையும் உச்சரிப்பையும் வைத்துக்கொண்டு யூதக் கோயில் ஒன்றைப் பற்றி முறையிட்டால், நீ யார், உனக்கெப்படித் தெரியும் என்று என்னையல்லவா கேட்பார்கள்? ஒன்றுமில்லை என்று முடிந்தால் சபைக்கு என் முகத்தை எப்படிக் காட்டுவேன்?

தேத்தண்ணி ஆறும்வரை இப்படியே இருந்தேன். பிறகுதான் அந்தப் பயத்தைப் பிரித்துப் பார்த்தேன். எனக்குள் இரண்டு பயம் இருந்தது. ஒன்று அந்தப் பிள்ளைகளுக்காக. மற்றது எனக்காக, என் மானத்துக்காக. இரண்டும் வயிற்றுக்குள் ஒரே மாதிரித்தான் கலக்கும். பயம் வருகிறபோது அது யாருக்கான பயம் என்று கேளுங்கள். உங்கள் மானத்துக்கான பயம் என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு எழும்புங்கள்.

பக்கத்தை உடனே எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. பார்க்க வேண்டியதை அந்த ஆள் பார்த்து முடித்தாயிற்று. எடுத்தால், தன்னை யாரோ கண்டுவிட்டார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவரும். கணக்கை மட்டும் சேமித்துக்கொண்டேன். “காரை எடுங்கோ” என்றேன். மனுசன் ஏற்கனவே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

பனிக்குள் அந்தப் பாதை முடியவே முடியாது போல் இருந்தது. மடியில் கணினியைத் திறந்து, போனின் இணைப்பில் பார்த்துக்கொண்டே போனேன். பாதிவழியில் அந்த ஆள் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பார்த்துக்கொண்டிருந்ததைவிட அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பார்க்கவில்லை என்றால், எங்கே போய்விட்டார்?

வாசலில் காவலாளி என்னை மறித்தார். “பொன்ஜூர் மதாம். பையைத் திறவுங்கள்.”

“நான் வெப்சைட் பார்க்கிறவள். செயலாளரைக் கூப்பிடுங்கள், அவசரம்.”

“சனிக்கிழமையில் வெப்சைட்டா?” அவர் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் செய்தது சரிதான். அந்த வாசலில் நின்றிருந்தால் நானும் என்னைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

“கூப்பிடுங்கள். நான் இந்த வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறேன்.”

செயலாளர் குளிர்க்கோட்டும் இல்லாமல் வெளியே வந்தார். நான் கண்டதைச் சொல்லிக்கொண்டே கணினியைத் திறக்கப் போனேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கதவுப் படமா?”

“ஓம்... யெஸ், கதவுப் படம்தான்.”

அவர் என் கண்ணுக்கு நேரே பார்த்தார். “அந்தப் பக்கத்தை எடு. இப்போதே. உன் போனை என்னிடம் தா.”

அத்தனை வருடத்தில் சனிக்கிழமை ஒன்றில் அவர் என்னிடம் நேராக ‘செய்’ என்று சொன்ன முதல் வார்த்தைகள் அவை. சாடை இல்லை, சுவர் இல்லை. சுவிட்சைத் தொடாத மனுசி போனைக் கேட்கிறார் என்றால், நான் பேய் என்று பயந்தது உண்மையாகவே பேய்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நானே அடிக்கிறேன். உங்களுக்கு இன்றைக்கு...” என்று இழுத்தேன்.

“இல்லை. உயிர் ஆபத்தென்றால் ஓய்வுநாள் தள்ளி நிற்கும். அப்போது நாங்களே செய்ய வேண்டும். உன்னிடம் விட்டுப் பழகினால், அடுத்த முறை எங்களில் ஒருத்தி உன்னைத் தேடிக்கொண்டு நிற்பாள். அதற்குள் பிள்ளை செத்துப்போகும்.”

சொல்லிக்கொண்டே அவசர இலக்கத்தை அழுத்திவிட்டார்.

உள்ளே பிள்ளைகளை ஒழுங்கை அறையிலிருந்து மாடிக்கு ஏற்றினார்கள். ரயில் விளையாட்டு என்று சொன்னார்களாம். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூவெனக் கத்தியபடி படியேறிய சத்தம் வாசல்வரை கேட்டது. நான் கார் சீட்டில் இருந்து பக்கத்தை எடுத்தேன். ஒரு சொடுக்கில் முடிகிற வேலை. விரல் மூன்று தரம் பிழையான இடத்தில் பட்டது.

பொலிஸ் சத்தமில்லாமல் வந்தது. காவலாளியும் பொலிசாரும் ஒழுங்கைக்குள் போக, என் மனுசனும் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா?”

“விடிய இருந்து பனி கொட்டுது. ஒழுங்கை முழுக்க வெள்ளை. அந்தக் கதவுக்கு நேரெதிரை ஒரு இடம் மட்டும் கறுப்பாய்க் காய்ஞ்சு கிடக்கு. ஒரு கார் அளவு.”

பனி தொடங்க முன்பே வந்து அங்கே நின்ற ஒரு கார், நாங்கள் வருவதற்குச் சற்று முன்னர்தான் போயிருக்க வேண்டும். அந்தக் கறுப்பின் மேல் அப்போதுதான் பனி தூவத் தொடங்கியிருந்ததாம். அதன்பிறகு அவர் அந்தப் பழமொழியை எந்த விஷயத்துக்கும் என்னிடம் சொன்னதில்லை.

யார் என்று கண்டுபிடித்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. பக்கத்துக் கட்டடத்துக்கு வந்த ஆளாக இருக்கலாம் என்றார்கள். விவாகரத்தான ஒரு தகப்பன் பிள்ளையைப் பார்க்க வந்திருக்கலாம் என்றும் ஒரு கதை வந்தது. இருக்கலாம். அந்த இணைப்புத் திரும்ப வரவில்லை. நான் அன்று ஏதோ ஒன்றைத் தடுத்தேனா, சும்மா ஒரு கூட்டத்தைப் பதறவைத்தேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் உங்கள் நல்ல தீர்மானங்களுக்கெல்லாம் கடைசியில் கிடைக்கிற சான்றிதழ் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதுதான். அதையும் யாரும் எழுத்தில் தர மாட்டார்கள்.

அடுத்த கிழமை தளத்தைத் திரும்பக் கட்டினோம். கதவுப் படங்கள் போயின, பிள்ளைகளின் முகங்கள் போயின, நேரங்கள் போயின. பிள்ளைகள் பக்கத்தில் ‘விபரங்களுக்கு அலுவலகத்தை அழையுங்கள்’ என்ற ஒற்றை வரிதான் மிச்சம். சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, “எங்கள் வாசலை நாங்களே மறைத்தால், இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவன் எங்களை எப்படிக் கண்டுபிடிப்பான்?” என்று கேட்டார். எல்லாரையும் வா வா என்று கூப்பிடக் கற்றுத்தானே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வாசலை மறைக்கக் கற்றபோது எனக்கு அழுகை வந்தது.

நான் ஓய்வு பெற்றபோது, அந்தத் தளத்தை உங்களில் ஒருத்தியிடம் கொடுத்தேன். சென்னையிலிருந்து படிக்க வந்து, இங்கேயே வேலை எடுத்த பெண். காவலாளியின் இலக்கத்தைத்தான் முதலில் கொடுத்தேன், கடவுச்சொற்களைப் பிறகுதான் கொடுத்தேன். சனிக்கிழமைக் கோட்டைப் பற்றியும் சொன்னேன். தலையாட்டினாள். கேட்டாளோ என்று எனக்குச் சந்தேகம்தான்.

போன மாரியில் ஒரு சனிக்கிழமை காலை அவளிடமிருந்து போன் வந்தது. எத்தனை தரம் அக்கா என்று கூப்பிடச் சொன்னாலும் மேடம்தான்.

“மேடம், ஒருத்தங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் சபையோட பிள்ளைகள் பக்கத்தையே ஓபன் பண்றாங்க. திரும்பத் திரும்ப. மூணு வாரமா கவனிச்சிட்டிருக்கேன். எனக்குப் பயமா இருக்கு.”

“எந்தப் பக்கத்து ஆள்?”

“ரொக்ஸ்பரோ பக்கம்னு காட்டுது.”

எனக்கு முன்னால் மேசையில் என் கணினி திறந்திருந்தது. திரையில் அந்த ஒற்றை வரி. யாராவது மறந்துபோய்த் திரும்பக் கதவுப் படத்தைப் போட்டுவிட்டார்களோ என்று பார்க்காமல் எனக்குச் சனிக்கிழமை விடிவதில்லை.

“பிள்ளை, பயப்பிடாதேங்கோ. அது நான்தான்.”

“ஐயோ மேடம், நான் முதல்ல செக்யூரிட்டி கார்டுக்குப் போன் பண்ணிட்டேன். குழந்தைங்களை மாடிக்கு ஏத்திட்டாங்களாம். அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டேன். தப்புப் பண்ணிட்டேனா?” என்றாள்.

என்னைத் தேடிக்கொண்டு நிற்காமல் அவள் முதலில் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறாள். என்னால் அந்தக் குழந்தைகள் பயந்து படியேறினார்கள் என்ற வெட்கமும், இனி நான் பார்க்கத் தேவையில்லை என்ற ஆறுதலும் ஒன்றாக வந்தன. “இல்லையம்மா, நீங்கள் செய்ததுதான் சரி” என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பொழுதுபட முன் நானும் என் கணினியை மூடிவிடுகிறேன். சனி இரவுதான் திறக்கிறேன். மனுசன் பகிடி பண்ணுகிறார், நீரும் யூதக் கோயிலில் சேர்ந்திட்டீரோ என்று. பண்ணட்டும். உங்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இனி ஒரு சனிக்கிழமை அந்தத் தளத்தில் யாராவது நின்றால், அது நானில்லை. போனை எடுங்கள்.